மஞ்சள் நதியின் மண்ணும் மாமா வெட்டிய கானும்

கொழும்பில் கான் என்றால் தெருவோரத்தில் கழிவுநீர் ஓடும் வாய்க்கால். தேயிலைத் தோட்டத்தில் கான் வேறு. சரிவுக்குக் குறுக்கே, மலையைச் சுற்றி, மெல்லிய இறக்கத்தோடு வெட்டப்படும் பள்ளம் அது. அதற்குள் இடையிடையே சிறு திட்டு விட்டு வெட்டுவார்கள். மழைநீர் ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால் சற்றுத் தங்கி, சுமந்து வந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டு, திட்டின் மேலாக வழிந்து அடுத்த குழிக்குப் போகும். அடுத்த பருவமழைக்கு முன் குழியில் படிந்த மண்ணை அள்ளி மேல்பக்கத்துச் செடிகளின் அடியில் போட வேண்டும். என் மாமா மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவர்.

கண் சிகிச்சைக்காக வந்து கொழும்பு மட்டக்குளியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, சீனாவின் லோயஸ் மேட்டுநிலத்தின் படங்களை அவருக்குக் காட்டினேன். ஒரு படத்தில் புல் பூண்டற்று, வெடித்து, மஞ்சள் நிறத்தில் கிடக்கும் மலைகள். அடுத்த படத்தில் அதே மலைகள், படிப்படியாக வெட்டப்பட்டுப் பச்சை போர்த்தியிருந்தன. இதைக் காட்டினால் பெரும்பாலானோர் வியப்பார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மருமகனே, இதில் கான் எங்கே? தண்ணீர் எதன் வழியாக வெளியே போகிறது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதால்தான் இந்த ஆய்வை எழுத நேர்ந்தது. நிலத்தை மீட்டு வறுமையைக் குறைத்த கதைகளில் உலகம் அதிகம் பேசுவது லோயஸ் மேட்டுநிலத்தைத்தான். அங்கே என்ன நடந்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எங்கள் மலைநாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். களனி கங்கையின் முகத்துவாரத்தில் வாழும் ஒருவனுக்கு அந்த மலைகள் தொலைவான ஊர் ஆகாது.

மண்ணே ஆறாகிய நாடு

லோயஸ் என்பது காற்று கொண்டுவந்து கொட்டிய மண். வடமேற்குப் பாலைவனங்களிலிருந்து இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பறந்து வந்த நுண்ணிய தூசி, சில இடங்களில் 100 மீற்றருக்கும் மேலான தடிப்பில் படிந்து மேட்டுநிலமாகியிருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 6,40,000 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையைப் போல் பத்து மடங்கு. உலர்ந்திருக்கும்போது இந்த மண் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். அதைக் குடைந்து வீடாக்கித் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்தார்கள். நனைந்தால் சர்க்கரைபோல் கரைந்துவிடும்.

அங்கே மழை குறைவு. பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 300 முதல் 600 மில்லிமீற்றர்தான், அதுவும் பெரும்பகுதி கோடையில் சில கடும் மழைகளாகக் கொட்டித் தீர்ந்துவிடும். காடு வெட்டப்பட்ட சரிவு, அதன்மேல் உழவு, உழாத இடத்தில் ஆடு. வேரில்லாத மண்ணில் அந்த மழை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மஞ்சள் நதியின் பெயரே சாட்சி. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி தொன் வண்டலைச் சுமந்தது. சமவெளியில் வேகம் குறைந்ததும் அதைத் தன் படுக்கையிலேயே கொட்டியது. படுக்கை உயர, மக்கள் கரையை உயர்த்த, இன்று கைஃபெங் நகரத்தின் அருகே ஆறு ஊரைவிட உயரத்தில் ஓடுகிறது.

மேலே வாழ்ந்தவர்களின் நிலையை இப்படிச் சொல்லலாம். விளைச்சல் குறையக் குறைய, இன்னும் செங்குத்தான சரிவை உழுதார்கள். சரிவு கூடியதால் இன்னும் அதிகமாக மண் போனது. மண் போனதால் விளைச்சல் மேலும் குறைந்தது. பசித்தவன் அடுத்த ஆண்டின் நிலத்தை இந்த ஆண்டே தின்ன வேண்டியிருந்தது. அவனை அறியாதவன் என்று சொல்லும் அறிக்கைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். மண் போவதைக் கண்முன்னே பார்த்துக்கொண்டே உழுதவன் அவன். நிறுத்தினால் அந்த ஆண்டு வீட்டில் உலை ஏறாது.

முன்பு செய்து தோற்றவை

இந்தக் கதையில் பலர் தாண்டிச் செல்லும் பகுதி இது. எனக்கோ இதுவே மிகவும் முக்கியமாகப் படுகிறது.

மஞ்சள் நதியில் சன்மென்சியா அணை 1960-இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. மேலே மலைகளில் மண்ணைப் பிடித்து வைக்கும் வேலை நடந்திருக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் நீர்த்தேக்கம் வண்டலால் நிரம்பத் தொடங்கி, மேல்நோக்கி வெள்ள அபாயத்தை உண்டாக்கியது. வண்டலை வெளியேற்ற அணையின் அடிப்பகுதியில் புதிய வழிகளைத் திறந்து, நீரைத் தேக்கும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. மலைக்குச் செய்ய வேண்டிய மருத்துவத்தை ஆற்றுக்குச் செய்யப் பார்த்ததன் விளைவு.

படிநிலங்களும் புதியவை அல்ல. ஷான்சி மாகாணத்தின் தாசாய் என்னும் கிராமம் மலையைக் கையால் வெட்டிப் படிநிலமாக்கியது. 1964 முதல் மாவோவின் அரசு அதை நாடு முழுவதற்கும் முன்மாதிரி ஆக்கியது. ஒரே மாதிரியை எல்லா மலைக்கும் சுமத்தியபோது, பொருந்தாத இடங்களிலும் படி வெட்டினார்கள். கையால் அவசரமாக வெட்டிய ஒடுங்கிய படிகள் பல ஊர்களில் மழையில் சரிந்தன. நிலம் கூட்டுப்பண்ணையுடையது, சரிந்த படியை மறுநாள் காலையில் எழுந்து போய்ச் சீர்செய்ய எந்த ஒருவருக்கும் தனிக் காரணம் இருக்கவில்லை. உழைப்புக் குறைவால் தோற்றது என்று சொல்ல முடியாது. கணக்கில்லாத உழைப்பு அந்த மலைகளில் கொட்டப்பட்டது.

1994 முதல் 2005 வரை

உலக வங்கியின் கடனோடு லோயஸ் மேட்டுநில நீரேந்து பிரதேசப் புனரமைப்புத் திட்டம் 1994-இல் தொடங்கியது. 1999-இல் இரண்டாம் கட்டம் சேர்ந்துகொண்டது. 2005-இல் முடிந்தது. ஷான்சி, ஷென்சி, கான்சு மாகாணங்களிலும் உள்மங்கோலியாவிலுமாக ஏறத்தாழ 35,000 சதுர கிலோமீற்றரில் வேலை நடந்தது. இலங்கையின் பாதிக்கும் மேல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு 500 மில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறத்தாழ 300 மில்லியன் உலக வங்கியின் கடன்.

வேலையின் அலகு சிறு நீரேந்து பிரதேசம், அதாவது ஓர் ஓடையும் அந்த ஓடைக்கு நீர் தரும் எல்லாச் சரிவுகளும். கிராமத்தின் எல்லையும் மாவட்டத்தின் எல்லையும் மழைக்குத் தெரியாது என்பதால் இந்த அலகைத் தேர்ந்தார்கள். ஒவ்வொரு சிறு பிரதேசத்துக்கும் தனி வரைபடம், தனித் திட்டம். எந்தச் சரிவில் படி, எதில் மரம், எதில் புல், எந்தப் பள்ளத்தாக்கில் தடுப்பணை என்பதைக் கிராமத்தவரோடு பேசி முடிவு செய்தார்கள்.

மலையின் தலையில் மரமும் புதரும். நடுச் சரிவில் அகலமான படிநிலம். இம்முறை மண்வெட்டிக்குப் பதிலாக மண் தள்ளும் இயந்திரம் வெட்டியது. படிகளின் விளிம்பு சற்று உயர்த்தப்பட்டதால் பெய்த மழை அங்கேயே இறங்கி ஊறியது. செங்குத்தான இடங்களில் உழவு நின்று, பழத்தோட்டமும் தீவனப் புல்லும் வந்தன. பள்ளத்தின் அடியில் மண் அணைகள். அவை வேண்டுமென்றே வண்டலைப் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டவை. சில ஆண்டுகளில் அணைக்குப் பின்னால் மண் நிரம்பி, தட்டையான வளமான வயல் ஒன்று புதிதாகக் கிடைக்கும். கடலுக்குப் போக இருந்த மண்ணை வழியில் மறித்து வயலாக்கிய இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது மாமா முதல் தடவையாகச் சிரித்தார். "கான் குழிதானே, பெரிதாக வெட்டியிருக்கிறார்கள்" என்றார்.

ஆடுகளைக் கொட்டிலில் கட்டித் தீவனம் போட வேண்டும், சரிவில் மேய்க்கக் கூடாது என்ற தடை மிகக் கடினமான பகுதி. மரம் வெட்டவும் தடை வந்தது. தடை வந்த இடங்களில் புல் தானாகவே முளைத்தது. நட வேண்டிய தேவையே பல சரிவுகளில் இருக்கவில்லை. ஆனால் இது எல்லோரும் மகிழ்ந்து ஏற்ற தடை இல்லை. நான்கு ஆட்டைத் தவிர வேறு சொத்தில்லாத வீட்டின்மேல் விழுந்த முதல் அடி அது. தடையை மீறி இரவில் மேய்த்தவர்களும் இருந்தார்கள். தீவனப் புல்லும் கொட்டிலும் தயாராகுமுன் தடை வந்த இடத்தில் ஏழைதான் முதலில் விலை கொடுத்தான். இதை மறைத்துவிட்டு இந்தத் திட்டத்தைப் புகழ எனக்கு மனமில்லை.

1999-இல் அரசு தன் பங்குக்கு இன்னொரு பெரும் திட்டத்தைத் தொடங்கியது. 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் உழுவதை நிறுத்தி மரமோ புல்லோ வைத்தால், மஞ்சள் நதிப் பகுதியில் ஹெக்டேயருக்கு ஆண்டுதோறும் 1,500 கிலோ தானியமும் 300 யுவான் பணமும் கிடைக்கும் என்பது அன்றைய விதி. புல் வைத்தால் 2 ஆண்டு, பழமரம் வைத்தால் 5 ஆண்டு, காட்டு மரம் வைத்தால் 8 ஆண்டு. உழவன் இழப்பது தானியம் என்றால் ஈடாகக் கொடுக்க வேண்டியதும் தானியமே என்று நினைத்தவர் யாரோ, அவருக்கு வயிற்றின் கணக்கு தெரிந்திருக்கிறது. நட்டது காய்க்கும்வரை வீடு எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்கு இந்தத் திட்டம் கிலோவில் விடை சொன்னது.

பத்திரத்தில் யார் பெயர்

இயந்திரம், மரக்கன்று, அணை ஆகியவற்றைவிட அதிக வேலை செய்தது ஒரு தாள் என்பது என் முடிவு.

சீனாவில் நிலம் தனியார் சொத்தாவதில்லை. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு, குடும்பங்களுக்கு ஒப்பந்தத்தில் நிலம் பிரித்துத் தரப்பட்டது. 1993-இல் அந்த ஒப்பந்தக் காலத்தை மேலும் 30 ஆண்டுகளுக்கு நீட்டிப்பது அரசின் கொள்கையானது. லோயஸ் பகுதியில் இன்னொன்றும் நடந்தது. உழவுக்குதவாத மலை, சரிவு, பள்ளம், ஆற்றுத்திட்டு ஆகிய தரிசுகளின் பயன்பாட்டு உரிமையை 1990-களின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் கொடுக்கத் தொடங்கினார்கள். புனரமைப்புத் திட்டம் இந்த அடித்தளத்தின் மேல்தான் நின்றது. படிநிலத்தை உண்டாக்கிய குடும்பத்துக்கு அந்தப் படியில் உழ நீண்டகால ஒப்பந்தம். நட்ட அப்பிள் மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும், காய்த்தபின் பல பத்தாண்டுகள் பலன் தரும். ஒப்பந்தத்தின் நீளம் மரத்தின் ஆயுளோடு ஒத்துப்போனது.

தாசாயைப் பின்பற்றிய ஊர்களில் சரிந்த படியும் இங்கே நிலைத்த படியும் ஒரே வகை மண்தான். சரிந்த விளிம்பை மறுநாள் காலையில் சீர்செய்யப் போகிறவன் இருக்கிறானா இல்லையா என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது.

மாமாவிடம் இதற்குச் சான்று இருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் நான்கைந்து பாத்தி அளவு மரக்கறித் தோட்டம் அவருக்கு உண்டு. போஞ்சி, லீக்ஸ், கொஞ்சம் கோவா. பாத்திக்குப் பாத்தி கல் அடுக்கிச் சிறு சுவர் கட்டியிருக்கிறார். 31 ஆண்டுகள் கான் வெட்டிய தேயிலை மலையில் சம்பளத்துக்கு மேல் ஒரு கல்லையும் புரட்டியதில்லை என்று சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாத்திகளுக்கும் அவரிடம் பத்திரம் கிடையாது. யாரும் பறிக்க மாட்டார்கள் என்ற நீண்டகால வழக்கம் மட்டும்தான் இருந்தது. அந்த அளவு நம்பிக்கையே கல் சுமக்கப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பலன்களும் அவற்றின்மேல் எழும் கேள்விகளும்

உலக வங்கியின் கணக்கின்படி, திட்டப் பகுதிகளில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வறுமையிலிருந்து மீண்டார்கள். தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 70 டொலரிலிருந்து 200 டொலராக உயர்ந்தது. தலைக்குத் தானிய விளைச்சல் 365 கிலோவிலிருந்து 591 கிலோவானது. நிலையான தாவர மூட்டம் 17 வீதத்திலிருந்து 34 வீதமானது. மஞ்சள் நதிக்குப் போகும் வண்டல் ஆண்டுக்கு 10 கோடி தொன்னுக்கு மேல் குறைந்தது. மேட்டுநிலம் முழுவதையும் எடுத்தால், தாவர மூட்டம் 1999-இல் 31.6 வீதமாக இருந்து 2013-இல் 59.6 வீதமாகியிருக்கிறது.

இதில் தானியக் கணக்குதான் என்னை நிறுத்தியது. உழும் பரப்பைக் குறைத்த பிறகு விளைச்சல் கூடியிருக்கிறது. சரிவில் ஐந்து பங்கு உழுது பெற்றதைவிட, நீரையும் உரத்தையும் பிடித்து வைக்கும் தட்டையான நிலத்தில் கொஞ்சம் உழுது அதிகம் பெற்றார்கள்.

ஆனாலும் வறுமைக் கணக்கு முழுவதையும் படிநிலத்தின் பெயரில் எழுதிவிட முடியாது. அதே ஆண்டுகளில் சீனா முழுவதிலும் வறுமை வேகமாகக் குறைந்தது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். உழவைக் குறைத்ததே அவர்களின் கைகளை விடுவித்தது என்பதும் உண்மை. நிலம் மீண்டதால் வறுமை குறைந்ததா, நகரம் வேலை கொடுத்ததால் நிலத்துக்கு ஓய்வு கிடைத்ததா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று தாங்கின என்பதே என் விடை. நகரத்தில் வேலை இல்லாத நாட்டில் இதே திட்டம் இதே பலனைத் தந்திருக்காது.

நீரிலும் ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் அந்த மண்ணுக்கு அந்நியமான ரொபினியா மரத்தை அடர்த்தியாக நட்டார்கள். மரம் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சியதில் ஆழத்தில் உலர்ந்த அடுக்கு ஒன்று உருவானது. வளராமல் முதுமை தட்டிய குட்டை மரங்கள் நின்றன. தாவரம் மேலும் பெருகினால் மக்களின் தேவைக்கு நீர் போதாமல் போகக்கூடும், மேட்டுநிலம் அந்த எல்லையை நெருங்கிவிட்டது என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று எச்சரித்தது. மஞ்சள் நதியின் வண்டல் இன்று ஆண்டுக்கு 20 கோடி தொன் அளவுக்கு இறங்கியிருக்கிறது. படிநிலங்களோடு அணைகளுக்கும் மரங்களுக்கும் அதில் பங்குண்டு. அதோடு ஆற்றில் ஓடும் நீரும் குறைந்திருக்கிறது. பச்சை நிறத்தை மட்டும் பார்த்து வெற்றி என்று சொல்லக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து மலையைப் பார்த்தால்

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். லோயஸ் படிநிலத்தில் நீரை வெளியேற்றும் கானுக்கு இடமில்லை, ஏனென்றால் அங்கே நீரை வெளியே விடுவதே இழப்பு. ஆண்டு முழுவதும் பெய்வதே 500 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு துளியையும் மண்ணுக்குள் இறக்க வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்கிறது. அங்கே நீரை முழுவதும் பிடித்து வைத்தால் மலையே இறங்கிவிடும். 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மக்களையும் மண் மூடியதை நாம் மறக்கவில்லை. எங்கள் மலையில் நீரை மெல்ல நடத்தி அனுப்பிவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். அதைச் செய்யும் அறிவு கான் வெட்டுகிறவர்களின் கையில் இருக்கிறது. படிநிலத்தைப் படம் பார்த்து இங்கே பிரதி எடுக்க யாராவது முன்வந்தால் தயவுசெய்து முதலில் அவர்களைக் கேளுங்கள்.

தொழில்நுட்பம் வேறாகலாம். ஆனால் ஆற்றின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒன்றுக்கொன்று பட்டிருக்கும் கடன் இங்கும் அதேதான். களனி சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. அதன் கிளையாறான கெசல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கம், மஸ்கெலியா ஓயாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம். தண்ணீர் வற்றும் காலத்தில் மவுசாக்கலையில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும். மாமா இளம் வயதில் நடந்துபோய்க் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். இந்த இரண்டு நீர்த்தேக்கங்களின் தண்ணீரில் லக்சபானத் தொகுதியின் மின் நிலையங்கள் சுழல்கின்றன. இரண்டு ஓயாக்களும் கித்துல்கலைக்கு மேலே சேர்ந்து களனியாகி, அம்பத்தளையில் கொழும்பின் குடிநீராகின்றன.

நோர்வூட்டில் கரையும் மண் எல்லாம் மட்டக்குளிக்கு வந்து சேர்கிறது என்று சொன்னால் அது பிழை. மேல் மலையின் மண்ணில் பெரும்பகுதியைக் காசல்ரீயும் மவுசாக்கலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மழைக்காலத்தில் எங்கள் வீட்டருகே ஆறு செம்மண் நிறமாவது பெரும்பாலும் அணைகளுக்குக் கீழுள்ள றப்பர் சரிவுகளாலும் வெட்டிப் போட்ட மண்மேடுகளாலும்தான். கீழ்ப்பகுதியில் நோய் வேறு விதமானது: மணல் அகழ்வால் ஆற்றின் படுக்கை தாழ்ந்து, வறட்சிக் காலத்தில் கடலின் உப்பு அம்பத்தளையை நோக்கி ஏறுகிறது. ஆனால் நீர்த்தேக்கத்தில் தங்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் கொழும்புக்கு வெளிச்சம் தரும் நீரின் இடத்தைப் பிடிக்கிறது. மகாவலியில் பொல்கொல்லைத் தடுப்பணை 1976-இல் திறக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே வண்டலால் அடைபடத் தொடங்கியது. சன்மென்சியாவின் பாடத்தை நாங்கள் எங்கள் செலவில் மறுபடி படித்தோம்.

மேலே மண் ஏன் போகிறது? பழைய விதைத் தேயிலை மலைகளில் செடிக்குச் செடி இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டி வைப்பதே வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்து ஒழுங்கு. நூற்றைம்பது ஆண்டு மழையில் மேல்மண் போய்ப் பல இடங்களில் சரளைக் கல் தெரிகிறது. கைவிட்ட மலைகளில் மானாப்புல் ஏறியிருக்கிறது. இதற்குத் தீர்வு தெரியாமலில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு குவாத்தமாலாப் புல் வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்பி, மண் தேறியபின் புதிய கன்று நடவேண்டும் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. ஆனால் அந்த இரண்டு ஆண்டும், பிறகு கன்று பலன் தரும்வரையும் நிலத்திலிருந்து ஒரு சதமும் வராது. 1992-இல் பெருந்தோட்டங்களின் நிருவாகம் 22 கம்பனிகளிடம் போய், பிறகு 53 ஆண்டுக் குத்தகையானது. குத்தகை முடியும் ஆண்டு கண்ணுக்குத் தெரியத் தெரிய, மண்ணில் முதலிடும் ஆசை தேய்வது இயல்பு. நாட்கூலியாக வேலை செய்கிறவருக்கோ அந்த ஆசை வரவே வழியில்லை. மண் தேறினாலும் தேறாவிட்டாலும் அவருடைய பேர், அதாவது நாட்கூலி, ஒன்றுதான்.

2019-ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வின் திருத்திய வறுமைக் கோட்டின்படி, அன்று நாட்டில் 14.3 வீதமானோர் வறியவர்களாக இருந்தார்கள். நகரத்தில் 6 வீதம். தோட்டத்தில் 33.8 வீதம். நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் இன்று சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது என்பதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறு துண்டு நிலம் தேயிலைக்கு ஆகாது என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. தேயிலையை இந்த நாட்டில் உண்டாக்கிய சமூகத்திடம் மட்டும் அந்தத் துண்டு நிலம் இல்லை. 1948-இல் குடியுரிமை போனது; 1972-இலும் 1975-இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின, தொழிலாளருக்கு வரவில்லை. அண்மைய ஆண்டுகளில் தனிவீட்டுக்காக 7 பேர்ச்சஸ் (ஏறத்தாழ 177 சதுர மீற்றர்) காணி கிடைக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் 7 பேர்ச்சஸ் குடியிருக்கத்தான் போதும். அதில் கான் வெட்ட முடியாது.

சில தோட்டங்களில் தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கம்பனியே வாங்கும் முறை நடந்துவருகிறது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த ஏற்பாடு எத்தனை ஆண்டுக்கு என்பதைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தாளை நம்பி எவரும் இரண்டு ஆண்டு குவாத்தமாலாப் புல் வளர்க்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. தாளில் ஆண் பெயர் மட்டும் ஏறினால், மண்ணை நாள்தோறும் மிதித்து அறிந்தவளுக்கு அந்த மண்ணில் சொல் இல்லாமல் போகும். மாமி ஓய்வுபெறும்வரை பறித்த மலையின் ஒவ்வொரு ஊற்றையும் அறிவாள். எந்தக் கான் எந்த மாதம் நிரம்பும் என்று மாமாவே அவளிடம்தான் கேட்பார்.

ஓர் ஓடை

லோயஸ் கணக்கைத் தலைக்குப் பிரித்தால், வறுமையிலிருந்து மீண்ட ஒருவருக்கு ஏறத்தாழ 200 டொலர் செலவு. ஹெக்டேயருக்கு 140 டொலர் அளவு. 1990-களின் விலையில், சீனக் கூலியில் வந்த தொகை அது. அப்படியே இங்கே பொருந்தாது. ஆனாலும் கோடிக்கணக்கில் செலவாகும் பெருந்திட்டம் என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது. 35,000 சதுர கிலோமீற்றரும் ஒவ்வோர் ஓடையாகத்தான் தொடங்கின.

கெசல்கமு ஓயாவுக்கு இறங்கும் சிற்றோடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சரிவுகள் முழுவதற்கும் ஒரே வரைபடம். செங்குத்தான, விளைச்சல் விழுந்த மலைகளில் தேயிலையை நிறுத்தி மரமும் புல்லும். நல்ல மலைகளைக் குடும்பங்களுக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும், கன்றின் ஆயுளுக்குக் குறையாத காலத்துக்குக் கொடுப்பது. புல் வளரும் இரண்டு ஆண்டுகளுக்கும் கன்று தேறும் காலத்துக்கும் வீட்டுக்கு மாதப்படி. அந்தப் படியை யார் தருவது என்று கேட்டால், கொழும்பில் குழாயைத் திறக்கும் நாமும் தர வேண்டும் என்பேன். நீர்க் கட்டணத்திலும் மின் கட்டணத்திலும் ஒரு சிறு வரி மலைக்குப் போவது பிச்சையாகாது. சேர வேண்டிய கூலி சேருகிறது, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசினோம். நில அளவை தெரிந்த ஒருவர், கணக்காளர் ஒருவர், தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான். வரும் பெப்ரவரியில், மழை குறைந்திருக்கும் நாட்களில், நோர்வூட்டுக்குப் போய் ஓர் ஓடையை மேலிருந்து கீழ்வரை நடந்து, தூர்ந்த கான்களையும் கைவிட்ட மலைகளையும் குறித்து வருவதாக முடிவு செய்திருக்கிறோம். மாமா வழிகாட்ட ஒப்புக்கொண்டார். இரண்டு நிபந்தனைகள் வைத்தார். வரைபடத்தில் மலைகளின் பெயர் தோட்டத்து மக்கள் சொல்லும் பெயராகவே தமிழில் இருக்க வேண்டும். வரைந்து முடித்ததும் முதல் பிரதியைக் கொழும்புக்குக் கொண்டுபோகாமல் கோயில் மடத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். மாமியும் கூட வருகிறாள்.